மினுக்கிறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு

எங்களில் ஒருத்தியின்ர ஒன்றுவிட்ட தங்கச்சிக்குப் போன ஆவணியில் சாமத்திய வீடு. சாறிக்கு ஏற்ற மாதிரி பிளவுசுக்குக் கல்லு வேலை செய்து தர ஒரு இடத்தில் கேட்டோம். சொன்ன காசு, பிளவுஸ் துணியின்ர விலையைப் போல ஆறு மடங்கு. சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, "பிள்ளையள், நீங்களே ஒட்டுங்கோவன். இப்ப அயன் பண்ணி ஒட்டுற கல்லு எல்லாம் வருதாம்" எண்டா.

பான்சிக் கடையில் அது பைக்கற் பைக்கற்றாகத் தொங்கினது. ஒவ்வொரு கல்லின்ர தட்டையான பின்பக்கத்திலும் காய்ந்த பசை. கல்லைத் துணியில் வைத்து, மேலால் ஒரு மெல்லிய துணியைப் போட்டு, சூடான அயன் பொக்சால் அழுத்தினால் பசை இளகி ஒட்டிவிடும். நாலு பேர், ஒரு மேசை, ஒரு பின்னேரம். முதல் கைப்பகுதியை நாசமாக்கினோம். உடுப்பு மினுக்கிற பழக்கத்தில் அயன் பொக்சை இழுத்துவிட்டோம். கல்லுகள் பசையோடு வழுக்கி, மயில் வரவேண்டிய இடத்தில் கோழி மாதிரி ஏதோ ஒண்டு வந்தது. கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா சொன்னா: "இவளவைக்கு நெடுக மினுக்கிறதுதான் வேலை."

சிரித்தோம். பிறகு அந்தச் சொல்லிலேயே நிண்டுவிட்டோம். எங்கட ஊர்த் தமிழில் ‘மினுக்கிறது’ எண்டால் உடுப்பை அயன் பண்ணுறது. அதே சொல்லுக்குப் பளபளப்பாக்கிறது எண்டும் பொருள். ஒரு பெட்டையைப் பார்த்து ‘மினுக்கித் திரியிறாள்’ எண்டு சொன்னால் அது ஏச்சு. ஒரே சொல்லுக்குள் ஒரு வேலையும் ஒரு அழகும் ஒரு வசையும் இருக்கிறது. சூடான இரும்பால் கல்லை ஒட்டுகிறபோது மூண்டும் ஒரே மேசைக்கு வந்துவிடுகிறது. மினுக்கிற வேலையை ஆர் செய்தது? மினுங்குவதற்கு ஆருக்கு அனுமதி இருந்தது? மினுங்கினதுக்காக ஆர் ஏச்சு வாங்கினது? இந்த மூண்டு கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் இந்தச் சின்னக் கல்லின்ர கதையைத் தேடினோம்.

மினுங்க அனுமதி

உடுப்பில் அலங்காரம் எண்டது நெடுங்காலமாக விருப்பம் சார்ந்த விசயம் இல்லை, அனுமதி சார்ந்த விசயம். இங்கிலாந்தில் 1363இல் ஒரு சட்டம் வந்தது. எந்தத் தரத்தில் இருக்கிறவர் எந்த விலைத் துணி போடலாம், ஆர் பட்டும் பொன்னும் அணியலாம், ஆர் கூடாது எண்டு அது வரிசையாகச் சொன்னது. 1574இல் முதலாம் எலிசபெத் அரசி விட்ட பிரகடனம் இன்னும் நுணுக்கமானது. ஊதாப் பட்டு ஆருக்கு, பொன்னிழைத் துணி ஆருக்கு எண்டு பட்டியலே இருந்தது. வியாபாரத்தில் காசு சேர்ந்தவரின் மனைவி பிரபுவின் மனைவி மாதிரி உடுத்தினால், ஆர் பெரியவர் எண்டு தெரியாமல் போய்விடும் எண்ட பயம்தான் காரணம். 1604இல்தான் இங்கிலாந்தில் இந்த உடைச் சட்டங்கள் நீக்கப்பட்டன.

இதை வாசித்து ‘வெள்ளைக்காரருக்கு என்ன விசர்’ எண்டு சிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை. எங்கட பக்கத்தில் இதற்குச் சட்டப் புத்தகம் தேவைப்படவில்லை, சாதியே போதுமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடுவதும், ஆண்கள் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டுவதும், பொன் நகை அணிவதும், செருப்புப் போடுவதும், குடை பிடிப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. இந்தத் தடைகள் இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நீண்டன. மீறினவர்களுக்கு விழுந்த அடியும், அவர்களின் குடிசைகளுக்கு வைக்கப்பட்ட தீயும் எங்கட சமூகத்தின் வரலாறுதான். கடலுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல் மன்னர் அனுமதி கொடுத்த பிறகும் ஒரு நிபந்தனை இருந்தது: உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. மறைக்கலாம், ஆனால் அவர்களைப் போலத் தெரியக் கூடாது.

ஆகவே ஒரு பெட்டை தன்ர சட்டையில் தான் விரும்பின இடத்தில் ஒரு மினுங்குற கல்லை வைக்கிறது சின்ன விசயமாகத் தெரியலாம். அந்தச் சின்ன விசயம் வெகு காலம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

பெட்டி ஆரின்ர கையில் இருந்தது

கல்லை விடுவோம். அந்த அயன் பொக்ஸ்? அம்மம்மாவிடம் கேட்டோம். அவ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் வீட்டில் உடுப்பு மினுக்கிறது குறைவாம். ‘கட்டாடியார்’ வந்து அழுக்கு உடுப்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார். தோய்த்து, கஞ்சி போட்டு, மினுக்கி மடித்துக் கொண்டுவந்து தருவார். அவரின்ர பேரைக் கேட்டோம். அம்மம்மா யோசித்துப் பார்த்தா. ஞாபகம் வரவில்லை.

வண்ணார் எண்டு சாதியாக ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அது அவர்கள் தெரிவு செய்த தொழில் அல்ல, பிறப்பால் தலையில் கட்டப்பட்ட குடிமை வேலை. சாமத்திய வீட்டிலும் அவர்களுக்கு ஒரு இடம் ‘ஒதுக்கி’ இருந்தது. பிள்ளை பெரிசானபோது உடுத்திருந்த துணியைச் சலவைத் தொழில் செய்யும் பெண்ணிடம் கொடுக்கிறது வழக்கம். எல்லாரும் தொடத் தயங்கிய துணியை அவர் தொட வேண்டும். தூய வெள்ளையையும் அவர்தான் கொண்டுவர வேண்டும். அவர் தோய்த்து மினுக்கினதை மற்றவர் உடுத்தி மினுங்கினார்கள். நாங்கள் கல்லு ஒட்டின பிளவுசும் அதே சடங்குக்குத்தான் எண்டது, அம்மம்மா இதைச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

பெட்டியும் இப்போதைய மாதிரி இல்லை. உள்ளே தணல் போடுகிற கனத்த பெட்டி. எங்கட நாட்டில் அதற்குச் சிரட்டைக் கரிதான் நல்ல எரிபொருள்: சூடு நிண்டு எரியும், புகை குறைவு. பித்தளையில் செய்த பெட்டிகளில் மூடியைப் பூட்டுகிற கொளுவியில் சேவல் உருவம் இருக்கும். அமெரிக்காவில் ஹென்றி சீலி எண்டவர் 1882இலேயே மின்சார அயன் பொக்சுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு மின்சாரம் வந்தால்தானே அந்தப் பெட்டிக்கு அர்த்தம்! இலங்கையில் லக்சபான நீர்மின் நிலையம் வேலை தொடங்கினதே 1950இல். கிராமங்களுக்குக் கரண்ட் வர இன்னும் எத்தனையோ வருசம் எடுத்தது.

வந்த கரண்டும் யாழ்ப்பாணத்தில் நிலைக்கவில்லை. 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் குடாநாடு வருசக்கணக்காக இருட்டில் கிடந்தது. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் தட்டுப்பாடாகி, பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்த கதைகளை எங்கட அம்மாக்கள் சொல்லுவார்கள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மினுக்கப் பரணில் கிடந்த கரிப்பெட்டி திரும்ப இறங்கினது. அதுவும் இல்லாத வீட்டில் சட்டையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார்கள். அந்தக் காலத்தை நாங்கள் காணவில்லை. ஆனால் 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் கசங்கின யூனிபோர்மோடு பள்ளிக்கூடம் போனது எங்களுக்கும் ஞாபகம் இருக்கு.

பொய்க்கல்லின் பயணம்

அயன் பொக்ஸ் வீட்டுக்கு வந்த கதை அது. அதன் கீழே வைக்கிற கல்லு வேறு வழியால் வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பரிசில் ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்ட்ராஸ் எண்ட நகை வியாபாரி இருந்தார். 1701இல் பிறந்தவர், 1773இல் இறந்தார். ஈயம் கலந்த கண்ணாடியை வெட்டித் தீட்டினால் அது வைரம் போல ஒளியைச் சிதறடிக்கும். அந்தக் கண்ணாடிக் கல்லை அவர் பேர்போன பொருளாக்கினார். 1734இல் பிரெஞ்சு அரசரின்ர நகை வியாபாரியாகவும் ஆனார். அரண்மனைக்காரரே பொய்க்கல்லை விரும்பி வாங்கினார்கள். இன்றைக்கும் பிரெஞ்சிலும் ஜேர்மன் மொழியிலும் இப்படியான கல்லுக்கு ‘ஸ்ட்ராஸ்’ எண்டுதான் பெயர். ஆங்கிலத்தில் ‘ரைன்ஸ்ரோன்’ எண்டு சொல்வது ரைன் நதிக்கரையில் பொறுக்கின மினுங்கும் கூழாங்கற்களின் ஞாபகமாக.

ஆனால் ஒவ்வொரு கல்லையும் கையால் பட்டை தீட்டும் வரைக்கும் அது பணக்காரரின் பொய்யாகத்தான் இருந்தது. அதை மாத்தினது பொஹீமியா, இப்போதைய செக் குடியரசின் வடக்குப் பகுதி. ஜாப்லோனெட்ஸ் நகரைச் சுற்றி ஊர் ஊராகக் கண்ணாடி வேலை. வீட்டுக்குள்ளேயே குடும்பமாக இருந்து மணியும் கல்லும் செய்தார்கள். அந்தப் பக்கத்து ஊர் ஒண்டில் 1862இல் பிறந்தவர்தான் டானியல் ஸ்வரோவ்ஸ்கி. 1892இல் கல்லு வெட்டும் மின் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1895இல் ஒஸ்ரியாவின் திரோல் மலைப்பகுதியில் வாட்டென்ஸ் எண்ட ஊருக்குப் போய்த் தொழிற்சாலை தொடங்கினார். காரணம் இரண்டு: மலையாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம், இயந்திரத்தைப் பார்த்துக் கொப்பி அடிக்கிற போட்டிக்காரர் தூரத்தில். ஆயிரக்கணக்கில் ஒரே அளவான, துல்லியமான கல்லு வரத் தொடங்கினது. விலை இறங்கினது. 1956இல் கிறிஸ்ரியன் டியோரோடு சேர்ந்து, கல்லின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சைப் படியவைத்து வானவில் நிறம் காட்டுகிற கல்லைக் கொண்டுவந்தார்கள். எங்கட பான்சிக் கடையில் ‘ஏபி கலர்’ எண்டு கேட்டு வாங்குறோமே, அந்த இரண்டு எழுத்தும் அந்தப் பூச்சுக்கு வைத்த ‘அரோரா பொரியாலிஸ்’ எண்ட பெயரின் சுருக்கம்.

பொஹீமியாவின் கதை அவ்வளவு மினுக்கமாக முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அங்கே இருந்த ஜேர்மன் மொழி பேசும் மக்கள் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். கண்ணாடி வேலைக்காரர் பலர் பவேரியாவில் காவ்போய்றன் நகருக்குப் பக்கத்தில் குடியேறி, தாங்கள் விட்டுவந்த ஊரின் ஜேர்மன் பெயரையே வைத்து ‘நொய்கப்லொன்ஸ்’, அதாவது ‘புதிய கப்லொன்ஸ்’, எண்டு ஒரு குடியிருப்பை உண்டாக்கினார்கள். கைத்தொழிலைக் கையில் பிடித்துக்கொண்டு இடம்பெயர்கிற கதை எங்களுக்குப் புதிசு இல்லை.

சூடும் பசையும்

இனி ஒட்டுற விசயம். துணியில் ஒரு வடிவத்தை மாத்துவதற்குப் பழைய வழி: காகிதத்தில் படம் கீறி, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, மேலே பொடியைத் தேய்ப்பது. துளைக்குள்ளால் பொடி இறங்கி, துணியில் புள்ளிக் கோடாக விழும். ஆரி வேலை செய்பவர்கள் இன்றைக்கும் மண்ணெண்ணெயில் பொடியைக் கரைத்து இதைத்தான் செய்கிறார்கள். 1870களில் மன்செஸ்ரரைச் சேர்ந்த பிரிக்ஸ் நிறுவனம் வேறு வழி கண்டது. சூட்டில் இளகும் மையால் தாளில் பூவும் கொடியும் அச்சடித்து விற்றார்கள். தாளைத் துணியில் கவிழ்த்து வைத்துச் சூடான இரும்பால் அழுத்தினால் படம் துணிக்கு மாறிவிடும். வீட்டில் இருக்கிற பெண், படம் கீறத் தெரியாமலே பூ வேலை தொடங்கலாம்.

கவனியுங்கோ, அந்தத் தாள் வேலையைக் குறைக்கவில்லை. தொடங்குவதைத்தான் இலேசாக்கினது. கோட்டுக்கு மேலே மணிக்கணக்காகத் தைக்க வேண்டியது அவள்தான். எங்கட நாட்டிலும் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்தபோது தையலும் கூடவே வந்தது. 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் தொடங்கின பெண்கள் விடுதிப் பாடசாலையில் வாசிப்போடு ஊசியும் கற்பித்தார்கள். ஒழுக்கமான பெண் எண்டால் குனிந்திருந்து தைக்கிறவள் எண்ட எண்ணம் மிஷனரிக்கும் இருந்தது, எங்கட அப்பப்பாக்களுக்கும் இருந்தது.

தைப்பதையே இல்லாமல் ஆக்கினது பசை. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில், சூட்டில் இளகி ஆறினால் இறுகும் பிளாஸ்ரிக் பசைகள் ஆடைத் தொழிலுக்குள் நுழைந்தன. அவை முதலில் அலங்காரத்துக்கு வரவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் வந்தன. இப்ப நீங்கள் போட்டிருக்கிற சேட்டின் கொலரைத் தொட்டுப் பாருங்கோ. அந்த விறைப்பு கஞ்சியால் வந்தது இல்லை. உள்ளே பசை பூசின ஒரு துணியை வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். ‘பியூசிங்’ எண்டு கார்மென்டில் சொல்வது இதைத்தான். கட்டாடியாரின் கஞ்சியையும் கரிப்பெட்டியையும் ஒரு பகுதிக்கு ஓய்வாக்கினது இந்தப் பசை.

கொலரை ஒட்டிய கைகள்

அந்தக் கொலரை ஒட்டினது ஆர் எண்டு கேட்டால் கதை எங்கட நாட்டுக்கே வந்துவிடும். 1977இல் திறந்த பொருளாதாரம். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம். 1974 முதல் நடைமுறையில் இருந்த பல்நார் உடன்படிக்கை, எந்த நாடு எவ்வளவு ஆடையை மேற்கு நாடுகளுக்கு அனுப்பலாம் எண்டு கோட்டா வைத்திருந்தது. தங்கட கோட்டா முடிந்த நாட்டுக் கம்பனிகள், கோட்டா மிச்சம் இருந்த இலங்கை போன்ற நாடுகளைத் தேடி வந்தன. கொஞ்சக் காலத்திலேயே ஆடை ஏற்றுமதி தேயிலையை முந்திவிட்டது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு கிராமப்புறங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தைத் தொடங்கினது. போருக்குப் பிறகு வடக்கிலும் கார்மென்ட்கள் வந்தன. தையல், பியூசிங், மினுக்குதல், மடித்தல். அந்த மேசைகளில் நிண்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இளம் பெண்கள்.

அவர்களுக்கு ஊர் என்ன பேர் வைத்தது தெரியுமா? சிங்களத்தில் ‘ஜுகி’ எண்டு அடைபோட்டுக் கூப்பிட்டார்கள். ‘ஜுகி’ தொழிற்சாலைத் தையல் மெசினின் பெயர். ஒரு பெண்ணை மெசினின் பெயரால் கூப்பிடுவது! கெயிட்ரின் லிஞ்ச் எண்ட மானிடவியலாளர் இந்த 200 தொழிற்சாலைத் திட்டத்தில் வேலை செய்த பெண்களைப் பற்றி 2007இல் எழுதின நூலின் பெயரே ‘ஜுகி பெண்கள், நல்ல பெண்கள்’ எண்டுதான் வருகிறது. வீட்டை விட்டு வந்து, சொந்தமாகச் சம்பளம் எடுத்து, அதில் ஒரு பளபளப்பான சட்டை வாங்கிப் போட்ட பெண்ணை ஊர் ‘நல்ல பெண்’ பட்டியலில் இருந்து வெட்டினது. வெளிநாட்டுக்காரர் போடுகிற உடுப்பை மினுக்கலாம். தான் மினுங்கக் கூடாது. அம்மம்மா சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த வேலையும் வசையும் எங்களுக்கு இதிலும் தெரிந்தது.

நெஞ்சில் எழுதுறது

பசை வெளியே தெரியுற இடத்துக்கு வந்தது ரீசேட்டோடு. 1970களில் அமெரிக்காவில் சூட்டில் ஒட்டும் படங்கள் ஒரு பைத்தியமாகவே பரவின. கடைச் சுவர் முழுக்கப் படங்கள், எழுத்துகள். பிடித்ததைக் காட்டினால் கடைக்காரர் அங்கேயே வெறும் ரீசேட்டில் வைத்துச் சூட்டு அழுத்தியால் அழுத்தித் தருவார். அதற்கு முதல் உள்ளாடையாக இருந்த துணி, ஒரு ஆளின் விருப்பத்தையும் அரசியலையும் பகிடியையும் ஊருக்குக் காட்டுகிற பலகையாகிவிட்டது. பிறகு கணினியும் பிரிண்டரும் வீட்டுக்கு வர, படத்தைச் சொந்தமாக அச்சடித்துச் சொந்த அயன் பொக்சால் ஒட்டலாம் எண்ட நிலை வந்தது. எங்கட பட்ச் ரீசேட்டும் பிக் மட்ச் ரீசேட்டும் இந்த வழியில் வந்த பேரப்பிள்ளைகள்தான்.

அனுமதிச் சட்டம் 1604இல் முடிந்துபோனது எண்டு எழுதினோம். உண்மையில் முடிந்ததா? 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்திய வாரங்களில், ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். குற்றம், அவர் போட்டிருந்த சட்டையில் இருந்த படம். அது கப்பலின் சுக்கான் சக்கரம். பொலிசுக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்காக அவர் வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். உடுப்பில் எது இருக்கலாம் எண்டு தீர்மானிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் மட்டும் வேறு பெயரில் வருகிறது.

திரும்ப மேசைக்கு

முதல் கை நாசமான பிறகு ஒழுங்காகப் பழகினோம். நீங்கள் செய்வதாக இருந்தால் எங்கட அனுபவத்தைக் கேளுங்கோ. பெரும்பாலான பசைக் கல்லு 120க்கும் 170க்கும் இடைப்பட்ட பாகை செல்சியஸில் ஒட்டும். பருத்தி அதைத் தாங்கும். நைலோன் போல மெல்லிய செயற்கைத் துணி சுருங்கிவிடும், ஆகவே வெட்டின துண்டில் முதல் பரீட்சித்துப் பாருங்கோ. புதுத் துணியைத் தோய்த்துக் காயவைத்து எடுங்கோ. கஞ்சிப் பூச்சு இருந்தால் பசை நூலுக்குள் இறங்காது. ஆவியை நிப்பாட்டுங்கோ. அயன் பொக்சின் அடியில் ஆவி வருகிற துளைகள் இருக்கிற இடத்தில் சூடு சரியாகப் படாது, ஈரமும் பசைக்குக் கூடாது. மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, நேராக மேலிருந்து அழுத்தி 10, 15 செக்கன் பிடியுங்கோ. இழுக்கவே கூடாது. எடுத்ததும் தொட்டுப் பார்க்க ஆசை வரும். ஆறும் மட்டும் பொறுங்கோ, ஏனெண்டால் பசை இறுகுவது ஆறும்போதுதான். பிறகு துணியைப் புரட்டி உள்பக்கத்தால் ஒருக்கால் அழுத்தினால் இன்னும் நல்லா நிற்கும். ஒரு நாள் கழியும் மட்டும் தோய்க்க வேண்டாம். பிறகும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணியில், கையால்.

அப்படிச் செய்தாலும் ஒரு நாள் கல்லு விழும். நூலால் தைத்த கல்லின் ஆயுள் இதற்கு இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேணும். ஆறு மடங்கு கேட்ட அந்த இடத்தில் கொள்ளை அடிக்கிறார்கள் எண்டுதான் முதல் நினைத்தோம். ஒரு பின்னேரம் முழுக்க நாலு பேர் குனிந்து, இரண்டு கைக்குக் கல்லு வைத்து முடித்து, கழுத்து நொந்த பிறகு அந்தக் கணக்கு எங்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. நாங்கள் நாலு பேரும் எங்களுக்குச் சம்பளம் போட்டிருந்தால் அந்த ஆறு மடங்கு காணாது.

இரண்டாம் கைக்கு நாங்கள் வாங்கினது ஒட்டும் படலத்தில் ஏற்கனவே மயிலாக அடுக்கி வந்த கல்லு. அப்படியே வைத்து அழுத்தினால் போதும். அந்த அடுக்கு எப்படி வருகிறது எண்டு தேடிப் பார்த்தோம். துளை போட்ட அச்சுத் தகட்டின் மேல் கல்லைக் கொட்டித் தூரிகையால் தள்ளினால் துளைக்குள் விழும். தலைகீழாக விழுந்ததை ஒவ்வொண்டாகக் கையால் திருப்ப வேணும். பிறகு படலத்தை ஒட்டித் தூக்குவார்கள். ஆக, எங்கட மேசையில் குறைந்த வேலை உலகத்தில் இல்லாமல் போகவில்லை. எங்களுக்குத் தெரியாத ஒருத்தியின் மேசைக்குப் போயிருக்கிறது. அவளுக்கும் கழுத்து நோகும்.

அதற்காக நாங்கள் கல்லு ஒட்டுறதை விடப்போவதில்லை. ஒரு காலத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்த மினுக்கத்தை, சித்தியின்ர அயன் பொக்சை வைத்து ஒரு பின்னேரத்தில் நாங்களே செய்ய முடிந்தது எண்டது எங்களுக்குச் சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்துக்குள் ஆரின்ர வேலை இருக்கு எண்டு தெரிந்துகொண்டு மினுங்கலாம். இனி ஆரையும் ‘மினுக்கித் திரியிறாள்’ எண்டு சொல்லுறதையும் விடலாம்.

சாமத்திய வீட்டண்டு தங்கச்சி அந்தப் பிளவுசோடு மணவறையில் இருந்தாள். வீடியோ லைற்றில் இரண்டு மயிலும் மினுங்கினது. எது கோழியாக இருந்து திருத்தின மயில் எண்டு ஆருக்கும் தெரியவில்லை, அம்மம்மாவைத் தவிர. வீட்டுக்கு வந்து பிளவுசை மடிக்கும்போது மூண்டு கல்லு குறைந்திருந்தது.

அடுத்த கிழமை அம்மம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு பேர் சொன்னா. கட்டாடியாரின்ர பேர். இரவு நித்திரையில்லாமல் கிடந்து யோசித்தாவாம். அறுபது வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேரை ஒருத்தர் சொன்னது அண்டைக்குத்தான். உங்கட வீட்டிலும் கேட்டுப் பாருங்கோ: உங்கட அம்மம்மாவின்ர சட்டையை ஆர் மினுக்கினது?